நடுவுக்குச் சாப்பாடு போகணும்! – ஆய்வகத்தில் வளரும் மூளை உருண்டையும் 5 டாலர் சிப்பும்

போன செமஸ்டர் லீவில் பத்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரி. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் லோக்கல் ட்ரெயினுக்கு ஓடுகிற உங்களுக்கு அந்த ரூட்டை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது நாள் சூப்பர்வைசர் அண்ணன் ஒரு காஸ்டிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்கு தம்பி?"

"சூப்பரா இருக்குண்ணே."

"வெளிய சூப்பராத்தான் இருக்கும். உள்ள பாரு."

அதே மாதிரி இன்னொரு பீஸை நடுவில் அறுத்து வைத்திருந்தார்கள். உள்ளே, தடிமன் அதிகமான இடத்தில், பூச்சி அரித்த மாதிரி ஒரு பொத்தல். ஷ்ரிங்கேஜ். உருகிய உலோகம் வெளியிலிருந்துதான் உறைய ஆரம்பிக்கும், உறையும்போது சுருங்கும். நடுப்பகுதி கடைசியாக உறையும் நேரத்தில், சுருங்கிய இடத்தை நிரப்ப உலோகம் வந்து சேரவில்லை என்றால் அங்கே பொத்தல்தான். அதற்காகத்தான் ரைசர் வைக்கிறோம். "ரைசர் பத்தலை. நடுவுக்குச் சாப்பாடு போகலை. அவ்ளோதான் விஷயம்" என்றார் அண்ணன்.

ஒரு மாதம் கழித்து ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றிப் படித்தேன். மனித மூளைத் திசுவை ஆய்வகத்தில் சின்ன உருண்டையாக வளர்க்கிறார்கள். அதில் அவர்களுக்குப் பெரிய தலைவலி என்ன தெரியுமா? வெளியே செல்கள் நன்றாக இருக்கின்றன, நடுவில் செத்துப்போகின்றன. காரணம், நடுவுக்குச் சாப்பாடு போகவில்லை!

"பயாலஜியா? பன்னிரண்டாம் வகுப்போட கும்பிடு போட்டாச்சு" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீங்க. இது பாதிக்கு மேல் நம்ம பாடம்தான். மெக்கானிக்கல், இசிஇ, கெமிக்கல் எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு.

முதலில், ஆர்கனாய்டு என்றால் என்ன?

உங்கள் தோல் செல்லுக்குள்ளும் மூளை செல்லுக்குள்ளும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்தப் பக்கங்களைத் திறந்து படிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, எலியின் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு ஜீன்களைச் செலுத்தி, அதைக் கருவின் ஆரம்பகால செல் மாதிரி மாற்றிக் காட்டினார். 2007-ல் மனித செல்லிலும் அது சாத்தியமானது. இப்படித் திரும்ப 'குழந்தையாக்கப்பட்ட' செல்தான் தூண்டப்பட்ட ஸ்டெம் செல். இதிலிருந்து இதயம், ஈரல், நியூரான் என எந்த வகை செல்லையும் வளர்க்கலாம். 2012-ல் யமனாக்காவுக்கும் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஸ்டெம் செல்களில் சில ஆயிரத்தை எடுத்து, அடியில் வளைவான ஒரு குட்டிக் குழியில் போடுகிறார்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். நரம்புத் திசுவாக மாறு என்று சொல்லும் ரசாயனச் சூழலில் சில நாள் வைக்கிறார்கள். பிறகு ஜெல் போன்ற ஒரு துளிக்குள் பொதித்து, ஊட்டத் திரவத்தில், 37 டிகிரியில், மெதுவாகச் சுழலவிடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் அச்சு வைத்து வடிவம் கொடுப்பதில்லை. செல்கள் தாங்களாகவே அடுக்கடுக்காக அமைகின்றன, நடுவே திரவம் நிறைந்த குழிவுகள் உருவாகின்றன. கருவில் மூளை உருவாகும்போது நடக்கிற அதே வேலையின் ஆரம்பக் கட்டம்.

2013-ல் ஆஸ்திரியாவில் மாடலின் லான்காஸ்டர், யூர்கன் நோப்லிக் குழுவினர் இந்த முறையை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர்களுடைய உருண்டைகள் இரண்டு மாதத்தில் 4 மில்லிமீட்டர் வரை வளர்ந்தன. ஒரு மிளகை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அந்த சைஸ்.

சரி, இதனால் என்ன லாபம்? அதே ஆய்வில் அதற்கும் பதில் இருந்தது. மைக்ரோசெஃபலி என்று ஒரு குறைபாடு, குழந்தை பிறக்கும்போதே தலையும் மூளையும் சிறியதாக இருக்கும். எலியில் அதற்கான ஜீனைக் கெடுத்துப் பார்த்தால் மனிதனில் வருகிற அளவுக்குப் பாதிப்பு வரவில்லை. அதனால் ஒரு நோயாளியின் தோல் செல்லிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தார்கள். அது சிறியதாகவே நின்றது. ஏன் என்று பார்த்தால், மேலும் மேலும் பிரிந்து பெருக வேண்டிய மூல செல்கள், காலத்துக்கு முன்பே நியூரானாக மாறிவிட்டன. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதை. இன்றைக்குச் சோறு கிடைக்கும், அடுத்த போகத்துக்கு நாற்று இருக்காது. ஒரு குழந்தையின் தலைக்குள், பிறப்பதற்கு முன் நடந்து முடிந்துவிட்ட ஒரு விஷயத்தை, வருடங்கள் கழித்து ஒரு கண்ணாடித் தட்டில் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள்.

வயரிங் எப்படிப் பார்க்கிறார்கள்?

மூளையில் நியூரான்களின் எண்ணிக்கையைவிட இணைப்புதான் விஷயம். ஆயிரம் எல்இடி, ஆயிரம் ரெசிஸ்டர் வாங்கி மேஜையில் கொட்டினால் அது சர்க்யூட் ஆகாது. ஆட்டிசம், வலிப்பு, ஸ்கிசோஃப்ரினியா போன்றவற்றில் பெரும்பாலும் செல்கள் இருக்கின்றன, அவை பேசிக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆர்கனாய்டில் அந்தப் பேச்சைக் கேட்க மூன்று வழி.

ஒன்று, மின்முனை. கீழே நுண்ணிய எலெக்ட்ரோடுகள் வரிசையாகப் பதித்த தட்டில் ஆர்கனாய்டை வைப்பது. ஒரு நியூரான் சிக்னல் விட்டால் வெளியே கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட், நீடிப்பது சுமார் ஒரு மில்லிசெகண்ட். இசிஇ நண்பர்களே, நாய்ஸிலிருந்து இதைப் பிரித்தெடுப்பது உங்க ஏரியா. 2019-ல் கலிபோர்னியாவில் ஒரு குழு பத்து மாதம் வளர்த்த ஆர்கனாய்டுகளில், தனித்தனித் துடிப்பாக ஆரம்பித்தது நாளடைவில் ஒன்றுசேர்ந்த அலைகளாக மாறுவதைப் பதிவு செய்தது.

இரண்டு, ஒளி. நியூரான் துடிக்கும்போது கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தையோ புரதத்தையோ முன்கூட்டியே வைத்துவிட்டால், மைக்ராஸ்கோப்பில் செல்கள் மினுக் மினுக் என்று எரிவதைப் பார்க்கலாம். எது எரிந்ததும் எது எரிகிறது என்று கணக்கெடுத்தால் யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

மூன்று, ஒட்டுப்போடுவது. மூளையின் இரண்டு வெவ்வேறு பகுதிகளைப் போன்ற ஆர்கனாய்டுகளைத் தனித்தனியே வளர்த்துப் பக்கத்தில் வைத்தால் அவை ஒட்டிக்கொள்ளும். ஒன்றிலிருந்து நியூரான்கள் மற்றதற்குள் ஊர்ந்து போய் இணைப்புப் போடும். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஸ்காவின் குழு டிமதி சின்ட்ரோம் என்ற அரிய நோய்க்கு இப்படிச் செய்தது. நோயாளியின் செல்கள் அடிக்கடி தாவுகின்றன, ஆனால் ஒவ்வொரு தாவலும் குட்டையாக இருக்கிறது. மொத்தத்தில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பின்தங்கிவிடுகின்றன. கால்சியம் சேனலில் இருக்கும் ஒரு சின்னப் பிழை, வயரிங்கையே தாமதப்படுத்துகிறது.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு: நேரம். சினாப்ஸ்கள் முதிர மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் உருண்டை பெரிதாகும். பெரிதானால் நடு சாகும். செத்துக்கொண்டிருக்கும் நடுவைச் சுற்றிப் போடப்பட்ட இணைப்பைப் பார்த்துவிட்டு, 'இது நோயின் விளைவு' என்று எப்படி நம்புவது? பட்டினியின் விளைவாகவும் இருக்கலாமே!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேப்பர் பேனா எடுங்க. ஆர்கனாய்டுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜன் வெளியிலிருந்து பரவல் மூலம்தான் உள்ளே போக வேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் நிலைமைதான் நடுவில் இருக்கும் செல்லுக்கு.

ஒரு கோளத்துக்கு நிலையான பரவல் சமன்பாட்டைத் தீர்த்தால், நடுவில் ஆக்சிஜன் சரியாகப் பூஜ்ஜியமாகும் ஆரம் இது:

ஆரம் = √(6 × பரவல் எண் × வெளிச் செறிவு ÷ நுகர்வு வேகம்)

தோராய மதிப்புகள்: திசுவில் ஆக்சிஜனின் பரவல் எண் நொடிக்கு 2 × 10⁻⁹ சதுர மீட்டர். காற்றோடு சமநிலையில் இருக்கும் 37 டிகிரி திரவத்தில் ஆக்சிஜன் செறிவு கன மீட்டருக்கு 0.2 மோல். வளர்ந்த மனிதனின் மூளை 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லி லிட்டர் ஆக்சிஜன் எடுக்கும். மாற்றினால் கன மீட்டருக்கு நொடிக்கு 0.026 மோல்.

போட்டுப் பாருங்க. மேலே 2.4 × 10⁻⁹, கீழே 0.026. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3 × 10⁻⁴ மீட்டர். அதாவது 0.3 மில்லிமீட்டர்!

இளம் செல்கள் வளர்ந்த மூளை அளவுக்கு ஆக்சிஜன் கேட்காது என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஆனாலும் மிளகு சைஸ் உருண்டைக்கு இது எந்த மூலைக்கு? ஆரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் வெளியே செறிவு நான்கு மடங்கு வேண்டும் என்பதையும் கவனியுங்க. நம் தலைக்குள் இந்தப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம், அங்கே சுமார் 40 மைக்ரானுக்கு ஒரு கேப்பில்லரி ஓடுகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவுக்கும், வீட்டுக்கு வீடு பைப் உள்ள தெருவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஐஐடி மெட்ராஸ் சிப்

இங்கேதான் நம்ம கதை வருகிறது. ஐஐடி மெட்ராஸின் இக்ரம் கான், அனில் பிரபாகர் ஆகியோரும், அமெரிக்காவின் எம்ஐடியில் மிருகங்க சூர், குளோயி டெலெபின் உள்ளிட்டோரும் சேர்ந்து 2021 ஏப்ரலில் 'பயோமைக்ரோஃப்ளூயிடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 3டி பிரிண்ட் செய்த ஒரு சின்ன சிப்பில் ஆர்கனாய்டை வளர்ப்பதும் அங்கேயே வைத்துப் படம்பிடிப்பதும்தான் விஷயம்.

அதுவரை இருந்த சிக்கல் இரட்டைச் சிக்கல். தட்டில் வளர்த்தால் திரவம் தேங்கி நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தனி அறைக்கு மாற்றினால் தொடர்ந்து ஊட்டம் கொடுப்பது கஷ்டம். ஊட்டமா, பார்வையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்ற நிலை.

அவர்களுடைய தீர்வு எவ்வளவு எளிமை என்று பாருங்க. பல் மருத்துவத்தில் பயன்படும், உடலுக்கு ஒவ்வாமை தராத ரெசின். அதில் ஆர்கனாய்டு உட்காரக் குழிகள், திரவம் வந்து போகச் சிறு வழிகள். பிரிண்ட் செய்தபின் புறஊதா ஒளியில் இறுக்கி, கிருமி நீக்கம் செய்கிறார்கள். உருண்டைகளைக் குழியில் வைத்து, மேலே கண்ணாடித் தகட்டால் மூடிவிடுகிறார்கள். கண்ணாடி வழியே மைக்ராஸ்கோப் பார்க்கும், சிறு வழிகள் மூலம் ஊட்டத் திரவமும் மருந்தும் போய்க்கொண்டே இருக்கும்.

ஏழு நாள் தொடர்ந்து கவனித்தார்கள். உள்ளே குழிவு உருவானது, அதைச் சுற்றிப் பெருமூளைப் புறணியின் ஆரம்ப வடிவம் போன்ற அமைப்பு தானாக எழுந்தது. முக்கியமாக, வழக்கமான முறையைவிட நடுவில் செத்த செல்களின் விகிதம் குறைவாக இருந்தது. ஒரு சிப் தயாரிக்க ஆன செலவு சுமார் 5 டாலர். அப்போதைய மதிப்பில் நானூறு ரூபாய்க்கும் கீழே. கழுவிக் காயவைத்து ஆட்டோகிளேவ் செய்தால் திரும்பவும் பயன்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் தெளிவா வெச்சுக்கோங்க. ஓட்டம் என்பது உருண்டையின் வெளிப்பரப்புக்குப் புதுத் திரவத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், தேங்கி நிற்கும் எல்லைப் படலத்தை மெலிதாக்கும். உருண்டைக்கு உள்ளே இன்னும் பரவல்தான். அதனால் நடு இறப்பு குறையும், ஒழியாது. ரைசர் பெரிதாக்கினால் எல்லாக் குறையும் போய்விடாது என்று ஃபவுண்டரியில் சொல்வார்களே, அது மாதிரி. உருண்டைக்குள்ளேயே ரத்தக் குழாய் வளர்ப்பது, மெல்லிய துண்டுகளாகச் சீவி வளர்ப்பது, எலியின் மூளையில் பொருத்திப் பார்ப்பது என்று உலகம் முழுக்க முயற்சி நடக்கிறது. கதவு இன்னும் திறந்தே கிடக்கு.

யார் செய்தது என்று கவனிச்சீங்களா?

அனில் பிரபாகர் ஐஐடி மெட்ராஸில் எலெக்ட்ரிக்கல் துறைப் பேராசிரியர். மிருகங்க சூர் இன்றைக்கு உலகறிந்த மூளை ஆய்வாளர், ஆனால் அவர் 1974-ல் ஐஐடி கான்பூரில் வாங்கியது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம். அதே ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தை நடத்தும் மோகனசங்கர் சிவப்பிரகாசமும் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர்தான். கருவில் வளரும் மூளையை 5,132 சீவல்களாக டிஜிட்டல் படமாக்கி, 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை அந்த மையம் 2024 டிசம்பரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது. தட்டில் வளர்கிற உருண்டை எந்த அளவுக்கு நிஜ மூளை மாதிரி இருக்கிறது என்று ஒப்பிட இப்படி ஒரு வரைபடம் வேண்டும்.

'அவங்கெல்லாம் ஐஐடி' என்று சொல்லத் தோணுதா? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், தட்டுக்குள் பொருந்தும் ஒரு குட்டிச் சுழலியை 3டி பிரிண்டரில் உருவாக்கியதில் கோடை விடுமுறைக்கு வந்த பள்ளி மாணவர்களின் கையும் இருந்தது. 2016-ல் சிக்கா வைரஸ் கருவின் மூளையை எப்படித் தாக்குகிறது என்பதை ஆராய அந்தச் சுழலியில் வளர்ந்த ஆர்கனாய்டுகள்தான் உதவின. பள்ளிப் பிள்ளைகள்!

நம்ம ஊர்ப் பக்கமும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. அரக்கோணம் தாண்டிக் காட்பாடி இறங்கினால் வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து, பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களிலிருந்து செல்களைப் பெற்று ஸ்டெம் செல்களாக மாற்றி ஆராய்கின்றன. அங்கெல்லாம் பம்ப், சிப், சென்சார், படச் செயலாக்கம் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

ஆர்கனாய்டு என்பது குட்டி மூளை அல்ல. கண் இல்லை, காது இல்லை, உடம்பு இல்லை. மூளையின் ஒரு பகுதியின் ஆரம்ப வடிவம், அவ்வளவே. அது யோசிக்கிறது, அழுகிறது என்று வரும் வீடியோக்களை ஃபார்வர்டு செய்யாதீங்க. இது சிகிச்சையும் அல்ல, நோயைப் புரிந்துகொள்ளும் கருவி.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் சரியாகிவிடும், மூளை வளர்ந்துவிடும்' என்று விளம்பரம் பார்த்துவிட்டு, நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் நம் தெருவிலேயே இருக்கலாம். ஐசிஎம்ஆரின் 2017 தேசிய வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்டது. மற்றவை முறையான அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம், சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உங்க வீட்டில் 'இன்ஜினியர்' என்று உங்களைக் கேட்டால், இதைச் சொல்லும் அளவுக்காவது தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

இந்த வாரமே செய்து பாருங்க

ஆர்கனாய்டு வளர்க்க நம்ம காலேஜில் வசதி இல்லை. ஆனால் நடு பட்டினி கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மளிகைக் கடையில் ஜெல்லி செய்ய விற்கும் கடல்பாசியைக் காய்ச்சி, கெமிஸ்ட்ரி லேபிலிருந்து சில துளி பினால்ஃப்தலீனும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சேருங்க. இளஞ்சிவப்பாக உறையும். லேப் மேடம் கூட இருக்கும்போது செய்யுங்க, கையுறை போடுங்க, செய்ததைச் சாப்பிட்டுவிடாதீங்க!

அரை, ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டி வினிகரில் போடுங்க. அமிலம் நுழைய நுழைய நிறம் வெளுக்கும். சின்னது முழுசாக வெளுத்த அந்த நொடியில் மூன்றையும் வெளியே எடுத்து நடுவில் அறுங்க. பெரியதின் நடுவில் மிச்சமிருக்கும் சிவப்புதான் சாப்பாடு போகாத இடம். அடுத்து, ஒரு செட்டை அசையாமலும் இன்னொரு செட்டைக் கலக்கிக்கொண்டும் வைத்து, ஸ்கேலால் அளந்து கிராஃப் போடுங்க. கலக்கினால் எவ்வளவு லாபம், எந்த இடத்துக்கு மேல் லாபம் இல்லை என்று உங்க கிராஃபே சொல்லும். பிறகு 3டி பிரிண்டர் இருக்கும் நண்பனைப் பிடித்து, திரவம் ஓடுகிற மாதிரி ஒரு குழி டிசைன் பண்ணிப் பாருங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இதுவே போதும்.

அறுத்த துண்டின் படமும் கிராஃபும் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் போடுவோம். முதல் பிரிண்ட் எடுத்து ஃபவுண்டரி அண்ணனிடம் காட்ட வேண்டியது என் பொறுப்பு.